இடது முன் சக்கரம்

வேலை முடிந்து வந்த அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டதும் வீடு முழுக்கக் கருகல் வாசம் பரவியது. வீடு முழுக்க என்றால் இரண்டு அறைதான், பரவ ரொம்ப நேரம் ஆகவில்லை.

"யாரைக் கொளுத்திட்டு வந்திருக்கீங்க?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"காருல ஏதோ வாசனை. விடு."

அப்பா ஒரு வக்கீலிடம் டிரைவர். பத்தொன்பது வருடமாக அதே வக்கீல். கார்தான் நான்கு முறை மாறியிருக்கிறது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவும் நிறையக் கல்லூரி வாசல்களை மிதித்திருக்கிறார், வக்கீலின் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் காத்திருந்தபோது. அது கணக்கில் வராது.

கொடியிலிருந்து சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

எண்ணெய் எரிந்திருந்தால் தொண்டை கமறும். வயர் எரிந்திருந்தால் பிளாஸ்டிக் வாடை மூக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். இது இரண்டும் இல்லை. முடி பொசுங்கினதும் இரும்பு காய்ந்ததும் சேர்ந்த வாசம். கிளட்ச் அல்லது பிரேக்.

"ஓட்டும்போது வருதா, நிறுத்தினப்புறம் வருதா?"

"நிறுத்தி இறங்கினா வருது. ஓட்டும்போது அவ்வளவா இல்ல."

"கியர் போட்டா வண்டி இழுக்குதா? இன்ஜின் மட்டும் கத்துதா?"

"நல்லா இழுக்குது. கிளட்ச்ல ஒண்ணுமில்ல பாப்பா, என் காலுக்குத் தெரியாதா? பதினஞ்சு நாளா ஸ்டீயரிங்கை விட்டா இடதுபக்கம் போகுது. ஐயாகிட்டக்கூட சொன்னேன். கெட்டியாப் பிடிச்சு ஓட்டுன்னாரு."

"அப்ப பிரேக்தான். இடது பக்கம் ஏதோ ஒரு சக்கரம் விடாம உரசிக்கிட்டிருக்கு. நாளைக்குச் சொல்லு."

அப்பா கையைக் கழுவப் போனார். பொதுவாக அவர் கையைக் கழுவ இவ்வளவு நேரம் ஆகாது.

"என்னப்பா?"

"இன்னைக்கு அவரே வாசனை பிடிச்சுட்டாரு. ஹேண்ட் பிரேக்கை எடுக்காமயே ஓட்டினியான்னு கேட்டாரு. ஆமாய்யா, தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சுடுங்கன்னேன்."

"எடுக்காம ஓட்டினியா?"

"சேச்சே! என் சர்வீஸ்லயே ஒரு நாள் அப்படிப் பண்ணினது கிடையாது."

"அப்புறம் எதுக்கு ஆமான்ன?"

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒன்றும் தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "ஆமான்னா அஞ்சு நிமிஷம் திட்டுவாரு. இல்லன்னா அஞ்சு நாள் திட்டுவாரு. எது தேவல?"

இது அவருடைய தொழில்முறை. கார் ஓட்டுவதைவிட இதில்தான் அவருக்கு அனுபவம் அதிகம். வேறு யாரோ கார் கதவில் கீறினால் இவர் மன்னிப்புக் கேட்பார். வக்கீல் தாமதமாகக் கிளம்பிக் கோர்ட்டுக்குத் தாமதமாகப் போனால் இவர் மன்னிப்புக் கேட்பார். என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று, ஆபீஸ் கிளார்க் எங்களைத் தவறான வரிசையில் நிற்க வைத்துவிட்டு "ஏன்யா இங்க நிக்கிற?" என்று கத்தினார். அதற்கும் இவர்தான் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று என் மதிப்பெண் பட்டியலைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

"சரி, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதா?"

"இல்ல." அப்பா முதல்முறையாக என்னைப் பார்த்தார். "நாளைக்குச் சர்வீஸுக்கு விடறேன், என்ன கெட்டிருக்குன்னு பார்த்துட்டு உன்னை வெச்சுக்கறதா வேணாமான்னு சொல்றேன்னாரு. எல்லாம் சும்மா மிரட்டறதுதான். வாசனை போயிட்டா சரியாயிடுவாரு."

"எந்தச் சர்வீஸ்?"

"உன் கம்பெனிதான். அங்கதானே எப்பவும் விடறது." அப்பா துண்டை மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ எதுவும் பேசிடாத."

*

நான் வேலை பார்க்கும் இடத்தை நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் பிரிக்கிறது. அந்தப் பக்கம் ஒர்க் ஷாப், நீலச் சட்டைகள். இந்தப் பக்கம் சோபா, காபி மெஷின், வெள்ளைச் சட்டையில் நான். இன்டர்வியூவில் கியர் பாக்ஸ் பற்றி ஆறு கேள்வி கேட்டார்கள், ஆறுக்கும் சரியாகச் சொன்னேன். மேனேஜர் சந்தோஷப்பட்டு, "பொண்ணுங்களுக்கு முன் டெஸ்க்தாம்மா நல்லது, வெயில் கிடையாது, கிரீஸ் கிடையாது" என்று உட்கார வைத்தார். வருகிறவர்கள் சொல்லும் குறையை ஜாப் கார்டில் டைப் செய்ய வேண்டும். வெள்ளைச் சட்டை கண்ணாடியைத் தாண்டக் கூடாது. இதற்கு நான்கு வருடப் படிப்பு.

பத்தரைக்கு வக்கீலின் கார் உள்ளே வந்தது. ஓட்டி வந்தது வக்கீல். பின் சீட்டில் அப்பா. பத்தொன்பது வருடத்தில் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை என்பது உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. முதுகு சாய்மானத்தில் படாமல், முழங்காலில் இரண்டு கையும் வைத்து, பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்கார வைத்த பையன் மாதிரி.

வக்கீல் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். என்னை அவருக்குத் தெரியாது. அவர் வீட்டு வாசலுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் வாசலோடு சரி.

"எழுதும்மா. டிரைவர் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் ஓட்டியதால் கருகல் வாசனை."

"வாசனைன்னு மட்டும் போடறேன் சார். காரணம் பார்த்துட்டு எழுதுவாங்க."

"காரணம் எனக்குத் தெரியும். அவனே ஒத்துக்கிட்டான். டிரைவர், இங்க வா. மேடம்கிட்டச் சொல்லு."

அப்பா வந்து நின்றார். என் மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆமாங்க மேடம். என் தப்புதான்."

மேடம். என்னைப் பெற்றவர் என்னை அப்படிக் கூப்பிட்டார். எனக்கு அவமானம் வரக் கூடாது என்று கூப்பிட்டிருப்பார், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் காது கொதித்தது.

நான் டைப் செய்யவில்லை. எழுந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி அந்தப் பக்கம் போனேன்.

ஹெட் மெக்கானிக்குக் கடையில் பெயர் சைலன்சர். ஒர்க் ஷாப்பிலேயே சத்தமாகப் பேசுகிறவர் என்பதால் வைத்த பெயர். என்னைப் பார்த்ததும் அங்கிருந்தே கத்தினார்.

"என்னம்மா, காபி மெஷின் ரிப்பேரா? அது என் டிபார்ட்மென்ட் இல்ல!"

"அண்ணே, இந்த வண்டி இப்பத்தான் வந்து நின்னுது. சக்கரம் ஆறுறதுக்குள்ள பார்க்கணும்."

பாட்டிலைத் திறந்து நான்கு சக்கரத்தின் நட்டுகள்மேலும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். பின்பக்கம் இரண்டிலும் தண்ணீர் அப்படியே வழிந்தது. வலது முன் சக்கரத்திலும் வழிந்தது. இடது முன் சக்கரத்தில் சுர்ரென்று சத்தம் வந்து, நான் குனிந்து பார்ப்பதற்குள் காய்ந்துவிட்டது. பக்கத்தில் போனால் அப்பாவின் சட்டை வாசம்.

"இடது முன்னாடி," என்றேன். "ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கும்ணே?"

"இது என்ன கேள்வி? பின் சக்கரம்."

"இந்த வண்டியில?"

"எல்லாத்துலயும் அப்படித்தான், இதுலயும் அப்படித்தான். ரெண்டு பின் சக்கரம். முன்னாடி சக்கரத்துக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன். ஜாக்கி போடுங்க."

சிரித்துக்கொண்டேதான் தூக்கினார். கையால் சக்கரத்தைச் சுற்றினார், சுற்றவில்லை. இரண்டு கையால் தள்ளினார். அரை சுற்றுச் சுற்றி நின்றது. சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பர், பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் பின்வாங்கி நகர வேண்டும். அது நகர்வதற்கு ஆணி மாதிரி இரண்டு பின் உண்டு, பின்னில் கிரீஸ் இருக்க வேண்டும், தண்ணீர் போகாமல் மேலே ஒரு ரப்பர் உறை இருக்க வேண்டும். கீழ்ப் பின்னில் உறை கிழிந்து தொங்கியது. சைலன்சர் அந்தப் பின்னைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. முழுக்கத் துரு. கிரீஸ் போட்ட அடையாளமே இல்லை. உள்பக்கப் பேட் தகடுவரை தேய்ந்திருந்தது, வெளிப்பக்கப் பேடோ போட்ட மாதிரியே இருந்தது.

"பேட் எப்ப மாத்தினதுண்ணே?"

ரப்பர் உறையை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் சைலன்சர்.

"ரெண்டு மாசம் முன்னாடி. இங்கதான்." குரல் இறங்கியிருந்தது. அவர் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "நான்தான் மாத்தினேன். அன்னைக்குப் பதினெட்டு வண்டிம்மா. பேடை மாத்து, அனுப்பு, பேடை மாத்து, அனுப்பு. பின்னைக் கழட்டிக் கிரீஸ் போட நேரம் எங்க இருந்துச்சு? உறை கிழிஞ்சது கண்ணுல பட்டுச்சு. ஸ்டாக் இல்ல. அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அப்புறம் மழை." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் சரி பண்ணிடறேன். புதுப் பின், புது உறை, பேட், டிஸ்க் எல்லாம். ஒரு மணி நேரம். வாசனை இருக்காது. நீ போய் உன் சீட்டுல உக்காரு. கார்டுல அந்தாளு என்ன சொன்னாரோ அதையே போட்டுடு, யாருக்கும் சேதாரம் இல்ல."

"எங்கப்பாவுக்குச் சேதாரம்."

"யாரு உங்கப்பா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காட்டினேன். சோபா காலியாக இருந்தும் அப்பா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சைலன்சர் பார்த்தார். புது உறையைத் தேட ஸ்டோருக்குப் போய்விட்டார்.

*

துருப்பிடித்த பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வக்கீல் முன்னால் மேஜைமேல் வைத்தேன். கீழே பேப்பர்கூட விரிக்கவில்லை.

"சார், கருகினது இடது முன் சக்கரம் மட்டும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். அதைப் போட்டபடி உலகத்தைச் சுற்றினாலும் முன் சக்கரம் கருகாது. இந்தப் பின் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, அதனால பேட் டிஸ்கை விடவே இல்லை. ரெண்டு மாசம் முன்னாடி பேட் மாத்தினப்ப இங்க இதுக்குக் கிரீஸ் போடலை. தப்பு எங்க மேலதான். டிரைவர் மேல இல்லை."

காபி மெஷின் பக்கம் நின்றிருந்த மேனேஜர் கப்பைக் கீழே வைத்தார்.

வக்கீலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஆள் முட்டாள் இல்லை. பின்னை எடுத்துப் பார்த்தார். "பின் சக்கரம் ரெண்டும் சூடு இல்லையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். எழுந்து ஒர்க் ஷாப்புக்குள் போய்த் தானே தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

"சரியாத்தான் சொல்ற. யாரு நீ?"

"அவர் பொண்ணு."

அப்பா சுவரிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். "ஐயா, அவ சின்னப் பொண்ணு, தெரியாம..."

"நீ இரு." வக்கீல் மேனேஜரைப் பார்த்தார். "எனக்கு இது எழுத்துல வேணும். யார் தப்புன்னு பேரோட. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள. இல்லன்னா எங்க கேக்கணுமோ அங்க கேட்டுக்கறேன்."

மேனேஜர் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது.

வக்கீல் அப்பா பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. கோர்ட்டில் குறுக்கு விசாரணை இப்படித்தான் செய்வார்போல.

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டு ஓட்டினியா?"

"இல்லைங்கய்யா."

"நேத்து ஓட்டினேன்னு சொன்னே."

"சொன்னேங்கய்யா."

"இன்னைக்குக் காலையிலயும் இந்தப் பொண்ணு முன்னாடி சொன்னே."

"மன்னிச்சுடுங்கய்யா."

"எதுக்கு மன்னிக்கணும்? தப்பே பண்ணலையே நீ."

நான் குறுக்கே புகுந்தேன். "வண்டி இடதுபக்கம் இழுக்குதுன்னு பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே உங்ககிட்டச் சொன்னாரு சார். நீங்கதான் காதுல வாங்கல."

"சொன்னான். அப்புறம் ஹேண்ட் பிரேக்னும் சொன்னான். ரெண்டுல எதை நான் காதுல வாங்கியிருக்கணும்? அந்தச் சக்கரத்தோட என் பேரப்பிள்ளைங்க அந்த வண்டியில போயிருக்காங்க. பிரேக் போயிருந்தா? உண்மையைச் சொல்லியிருந்தா நேத்தே நிறுத்தியிருப்பேன்."

"உண்மையைச் சொன்னா நீங்க அஞ்சு நாள் திட்டுவீங்க!"

"பாப்பா!" என்றார் அப்பா.

"திட்டியிருப்பேன்தான்," என்றார் வக்கீல் அமைதியாக. "திட்டுக்குப் பயந்து பொய் சொல்றவன் கையில என் குடும்பத்தைக் குடுக்க முடியாது. தப்புப் பண்ணிட்டு ஒத்துக்கிட்டவன்னு நினைச்சிருந்தா வெச்சிருப்பேன். வெச்சுக்கறதுன்னுதான் காலையில முடிவு பண்ணி வந்தேன். நம்பு, நம்பாட்டிப் போ." கையை நீட்டினார். "கேட் சாவி."

அப்பா பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். கொடுக்கும் முன் சட்டையில் ஒரு தடவை துடைத்தார். இரண்டு கையாலும் கொடுத்தார்.

"மன்னிச்சுடுங்கய்யா," என்றார்.

செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டு, அப்படிக் கேட்டதற்கும் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு வேறு வார்த்தை யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அவர் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய வார்த்தைகளெல்லாம் என் படிப்புக்குப் போயின.

வாசல்வரை அவர் பின்னாலேயே போனேன்.

"இப்ப சந்தோஷமா?" என்று அப்பா திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"நீ பொய் சொல்லாம இருந்திருக்கலாம்."

"நீ உன் சீட்டுல உக்காந்திருக்கலாம்."

"அந்தாளு இப்ப அப்படிச் சொல்றான்ப்பா. எப்படியும் உன்னை அனுப்பியிருப்பான்."

"அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது. இன்றைக்கும் தெரியாது. முன் சக்கரத்துக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் சம்பந்தமில்லை என்பது தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்பா பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். நடக்கும்போது வலது கை விரல்கள் எதையோ தேடி மூடி மூடித் திறந்தன.

*

நான்கு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னால் நல்லதுக்கு இல்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"வண்டி ரெடி. சைலன்சர் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துட்டான். வாசனையும் இல்ல, இழுக்கவும் இல்ல. நாலு சக்கரமும் ஒரே சூடு. நல்லாத்தான் கண்டுபிடிச்சே." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "வக்கீலுக்குக் காகிதம் வேணும். காகிதத்துல ஒரு ஆள் பேரு வேணும்."

"ஒர்க் ஷாப் தப்புன்னு போடுங்க."

"ஒர்க் ஷாப்னு போட்டா கம்பெனி மாட்டும். ஆள் பேரு போட்டா ஆளோட போச்சு. சைலன்சர் பேரைப் போட முடியாது, அவன் போயிட்டா நாளைக்குப் பதினெட்டு வண்டியை யாரு பார்ப்பா? நீ எழுது. மூணே வரி. உறை கிழிஞ்சிருக்கு, மாத்தணும்னு மெக்கானிக் அன்னைக்கே என்கிட்டச் சொன்னாரு, நான் கார்டுல எழுத மறந்துட்டேன், வருந்துகிறேன். முடிஞ்சுது."

"என்கிட்ட யாரும் சொல்லல சார்."

"தெரியும்மா."

"அப்புறம் எப்படி எழுதறது?"

"எழுதினா ஒரு எச்சரிக்கையோட விட்டுடுவேன். எழுதலன்னா, கேக்காமக் கண்ணாடியைத் தாண்டிப் போனே பாரு, அதுக்கே நான் உன்னை அனுப்பியாகணும், மேல கேப்பாங்க." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "வீட்டுல இப்ப யாரு வேலைக்குப் போறாங்க?"

மிரட்டிக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அதற்குப் பதிலாக என்னை அறைந்திருக்கலாம்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சைலன்சர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வண்டியின் அடியில் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கு அடியில் பார்க்க ஒன்றுமில்லை. டயர் மாற்ற வந்த வண்டி அது, கார்டை நான்தான் எழுதினேன்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், தேதி போட்டு, மார்ஜின் விட்டு. கையெழுத்துக்குக் கீழே படிப்பைப் போடுவது என் வழக்கம். இதிலும் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் பார்த்தேன். மேனேஜர் தாளை வாங்கிப் படித்து, "அழகா எழுதறே" என்றார்.

வீட்டுக்குப் போனபோது அம்மா அந்தச் சட்டையை இரண்டாம் முறை துவைத்துக் காயப்போட்டிருந்தாள். பக்கத்தில் போனால் இன்னும் வாசம் இருந்தது. அப்பா அதன் கீழே உட்கார்ந்திருந்தார். மதியத்திலிருந்து அங்கேயேதான் இருக்கிறார் என்று அம்மா கண்ணாலேயே சொன்னாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அப்பா.

"எழுதிக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"என்னன்னு?"

"என் தப்புதான்னு."

உன் தப்பா என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று ஒரு நிமிடம் பார்த்தேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அவ்வளவுதான்," என்றார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகம் லேசானது. கொஞ்சம் நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டார். தன் தொழிலுக்கு வந்து சேர்ந்த ஆளுக்கு இடம் விடுவதைப்போல.

நான் உட்காரவில்லை.